ஒரு கப் பிளம்ஸ் (காய்ஞ்ச முந்திரிகை) எத்தனை கிராம்? ரிச் கேக்குக்கு இறாத்தல், கப், கிராம் மூண்டும் குழம்புது

கல்லடி_மகள்

எல்லாருக்கும் வணக்கம். நத்தாருக்கு ரிச் கேக் போடச் சாமான் வாங்கத் தொடங்கணும். கையில ரெண்டு குறிப்பு இருக்கு. ஒண்டு அம்மாட பழைய கொப்பியில உள்ளது, முழுக்க இறாத்தலும் அவுன்ஸும். மற்றது இணையத்தில எடுத்த அமெரிக்கக் குறிப்பு, முழுக்கக் கப். கடையில எண்டா 100 கிராம், 250 கிராம் பக்கெட்.

கொப்பிக் குறிப்பு இது: பிளம்ஸ் 1 இறாத்தல், சுல்தானா (வெளிர் நிற முந்திரிகை வத்தல்) ½ இறாத்தல், ஈச்சம்பழம் (பேரீத்தம்பழம்) ½ இறாத்தல், செரி 4 அவுன்ஸ், புகுல் தோசி (சீனிப் பாகில போட்ட நீத்துப்பூசணி) ½ இறாத்தல், இஞ்சிப் பாகு (பாகில ஊறின இஞ்சித் துண்டு) 4 அவுன்ஸ், கஜு (முந்திரிப் பருப்பு) ½ இறாத்தல், ரவை ½ இறாத்தல், பட்டர் ½ இறாத்தல், சீனி ½ இறாத்தல், முட்டை மஞ்சள் கரு 12.

கேட்க வந்தது மூண்டு விசயம்.

ஒரு கப் பிளம்ஸ் எத்தனை கிராம் எண்டு தேடினா ஒரு இடத்தில 145, இன்னொண்டில 150, வேற ஒண்டில 165, 170 எண்டும் இருக்கு. இதில எதை எடுக்கிற?

ஈச்சம்பழத்தைக் கொட்டையோட நிறுக்கிறதா, கொட்டை எடுத்தா, வெட்டினதுக்குப் பிறகா?

வீட்டில இப்போதைக்குத் தராசு இல்ல. பிளாஸ்டிக் அளவுக் கப் செட் ஒண்டும், அரிசி அளக்கிற சுண்டும்தான் இருக்கு. இதை வெச்சே சமாளிக்கலாமா?

கல்முனை_போறணை

தங்கச்சி, நீங்க பாத்த நாலு எண்ணும் சரிதான். கப்புக்குள்ள பழம் எப்பிடிக் கிடக்குது எண்டதை அவங்க சொல்லாமல் விட்டதுதான் குழப்பம்.

கப்பில பிளம்ஸைச் சும்மா சொரிஞ்சு பாருங்க. ஒரு பழத்துக்கும் மற்றதுக்கும் நடுவில, சுருங்கின தோலின்ட மடிப்புக்குள்ள, எல்லா இடத்திலயும் காத்து நிக்கும். இப்ப அந்தக் கப்பை மேசையில நாலு தரம் தட்டுங்க. பழம் ஒரு விரல் தடிப்புக்குக் கீழ இறங்கும், இறங்கின இடத்துக்குள்ள இன்னும் ஒரு சின்னப் பிடி போகும். கையால அமத்தினா இன்னும் கொஞ்சம் போகும். அமெரிக்கக் கப்பில சும்மா சொரிஞ்சு மேல வழிச்சா 145 கிராம், அமத்தி நிரப்பினா 165. 150உம் 170உம் அதே ரெண்டு கப்தான், வேற ஆக்கள் வேற பழத்தில அளந்து போட்டது. குறிப்பில 'அமத்தி' எண்டு எழுதியிருந்தா மட்டும் 165ஐ எடுங்க. ஒண்டும் சொல்லாட்டிச் சொரிஞ்ச கப்தான்.

அடுத்தது கப்பின்ட அளவு. அமெரிக்கக் கப் 237 மில்லி, லேபிள்ல 240 எண்டு போடுவாங்க. நம்மட கடைகள்ல கிடைக்கிற செட்டில கூடுதலா 250. பழைய இங்கிலாந்துக் குறிப்பில 'கப்' எண்டு வந்தா 284 மில்லியா இருக்கலாம், அது அரைப் பைந்து. 145 கிராம் பிடிக்கிற அமெரிக்கக் கப்புக்குப் பதிலா 250 மில்லிக் கப்பை எடுத்தா 153 பிடிக்கும். மனக்கணக்குக்கு 150 எண்டு வைங்க. அப்ப ஒரு இறாத்தல், அதாவது 454 கிராம், சரியா மூண்டு கப். இது ஒண்டு மனசில நிண்டா மிச்சம் எல்லாம் லேசு.

உங்கட கப் எத்தனை மில்லி எண்டு நம்பாம அளந்து பாருங்க. திறக்காத 500 மில்லி தண்ணிப் போத்தல் ஒண்டை எடுத்து விளிம்பு மட்டும் ரெண்டு கப் ஊத்துங்க. போத்தல் காலியானா 250 மில்லிக் கப். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல மிஞ்சினா அது அமெரிக்கக் கப். சில மலிவு செட்டில ஒரு கப்பும் அரைக் கப்பும் தங்களுக்குள்ளயே ஒத்துவராது. அரைக் கப்பால ரெண்டு தரம் ஊத்தி ஒரு கப் நிரம்புதா எண்டும் பாருங்க.

சுண்டைப் பற்றி. அது அரிசிக்குப் பழகின கை. ஒரு சுண்டு அரிசிக்கு இவ்வளவு கிராம் எண்டு தெரிஞ்சாலும் பிளம்ஸுக்கு அதைப் போட ஏலாது. அரிசி மணி மணியா நெருங்கிக் கிடக்கும், பிளம்ஸ் அப்பிடிக் கிடக்காது. அமெரிக்கக் கப்புக்குப் பச்சை அரிசி 185 கிராமுக்குக் கிட்ட வரும், பிளம்ஸ் 145தான். சுண்டிலதான் அளக்கணும் எண்டா அதையும் தண்ணியால எத்தனை மில்லி எண்டு பாத்து வெச்சுக்கொள்ளுங்க.

தராசு இல்லாட்டியும் வழி இருக்கு. கடைப் பக்கெட்தான் உங்கட தராசு. நிறை போட்ட 250 கிராம் பிளம்ஸ் பக்கெட்டை வெட்டி, கட்டியை விரலால உதிர்த்து, உங்கட கப்பில சொரிஞ்சு அளந்து பாருங்க. ஒரு கப்பும் இன்னும் முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறையவும் வரணும். வந்ததை எழுதி அலுமாரிக் கதவில ஒட்டுங்க. உங்கட கப், உங்கட கை, நீங்க வாங்கிற பழம், மூண்டுக்கும் பொருந்தின எண் அதுதான். இணையத்தில வாறதை விட அதை நம்பலாம். சுல்தானா, செரி, கஜு எல்லாத்துக்கும் ஒருக்காச் செய்தாப் போதும்.

காத்தான்குடி_ராத்தா

தங்கச்சி, பேரீத்தம்பழத்துக்கு நான் சொல்றன்.

கொப்பிக் குறிப்பில ஈச்சம்பழம் ½ இறாத்தல் எண்டு மட்டும் இருந்தா அது கேக்குக்குள்ள போற சதை. கொட்டை எடுத்துப்போட்டு 227 கிராம் நிறுங்க. கொட்டையோட வாங்கினாப் பழத்தின்ட நிறையில பத்தில ஒரு பங்கு அளவு கொட்டைக்குப் போகும். சில சாதியில இன்னும் கூட. அதனால 250 கிராம் பக்கெட் ஒண்டு மட்டுமட்டாத்தான் காணும், வால்ல இருக்கிற தொப்பியையும் கிள்ளி எறிஞ்சா இன்னும் குறையும். 300 கிராம் வாங்கினா யோசிக்கத் தேவையில்ல. கொட்டை எடுத்த பக்கெட் வாங்கினாலும் ஒவ்வொரு பழத்தையும் பிரிச்சுப் பாருங்க, எங்கயோ ஒண்டு உள்ளுக்கு நிக்கும்.

கப்பில அளக்கிறதெண்டா வெட்டினதுக்குப் பிறகு மட்டும். முழுப் பழத்தைக் கப்பில போட்டா நிமிர்ந்து படுத்துக் குறுக்கால நிக்கும், நடுவில பெரிய பெரிய இடைவெளி. ஒருக்கா அளந்த அளவு மறுக்கா வராது. கடலைப்பருப்பு அளவுக்கு வெட்டினது அமெரிக்கக் கப்புக்கு 147 கிராம், உங்கட 250 மில்லிக் கப்புக்கு 155. ½ இறாத்தலுக்கு ஒண்டரைக் கப், மேல வழிச்சு.

எண்ணிப் போடுற வழியும் இரிக்கு. மெஜூல் எண்டு வாற பெரிய பழம் கொட்டை இல்லாம ஒண்டு 24 கிராம் அளவு, ஆறு பழம் வெட்டினா ஒரு அமெரிக்கக் கப். டெக்லட் நூர் எண்ட சின்னது ஒண்டு 7 கிராம், அதுக்கு 20 பழம் வேணும். நோன்பு காலத்தில பிரதான வீதிக் கடைகள்ல உதிரியா வாற பழம் இந்த ரெண்டுக்கும் நடுவில எல்லா அளவிலயும் இரிக்கும். பத்துப் பழத்தை ஒண்டா நிறுக்கச் சொல்லி வாங்கினாப் பிறகு எண்ணியே போடலாம்.

வெட்டேக்குள்ள கத்தியில ஒட்டுது எண்டு நிறையப் பேர் மாவைத் தூவுறாங்க. தூவுங்க, ஆனா அளந்து வெச்ச ரவையில இருந்து ஒரு தேக்கரண்டி எடுத்துத் தூவுங்க. பக்கெட்டில இருந்து புதுசா அள்ளினாக் கணக்கில இல்லாத மா கேக்குக்குள்ள போகும். கத்தியைச் சுடுதண்ணியில தோய்ச்சுத் துடைச்சு வெட்டினாலும் ஒட்டாது. அந்த ஈரம் பழத்தில தங்கக் கூடாது, அது மட்டும் கவனம்.

மெஜூல் மாதிரி நெய்ப்பசை உள்ள பழத்தை வெட்டிக் கப்பில போடேக்குள்ள தானா அமுங்கி ஒரே கட்டியாப் போகும். அதுக்குக் கப் சரிவராது. நிறுக்கத்தான் வேணும்.

கல்லடி_மகள்

போறணை அண்ணா, ராத்தா, ரெண்டு பேருக்கும் நன்றி. போத்தல் தண்ணி ஊத்திப் பாத்தன், என்ட கப் 250 மில்லி.

இன்னொரு சந்தேகம். பட்டரைத் தண்ணிக்குள்ள போட்டு, தண்ணி எவ்வளவு உயருது எண்டு பாத்து அளக்கிற முறை இருக்குத்தானே. பிளம்ஸையும் அப்பிடி அளக்கலாமா? அதோட மாரி தொடங்கிட்டுது, பக்கெட்டைத் திறந்தா ரெண்டு நாளில பிளம்ஸ் பிசுபிசுக்குது. ஈரம் ஏறினா நிறைக் கணக்கு மாறாதா? அமெரிக்கக் குறிப்பில 'ஊறவைத்த' எண்டும் ஒரு சொல் இருக்கு, ஊற முந்தி அளக்கிறதா, ஊறின பிறகா எண்டு தெரியேல்ல.

வாவிக்கரை

தண்ணீரில் அமிழ்த்தி அளக்கும் முறை பட்டருக்குப் பொருந்தும், பிளம்ஸுக்குப் பொருந்தாது. பட்டர் ஒரே கட்டி. கப்பில் அமத்தி நிரப்பினால் உள்ளே காற்றே இருக்காது. அதனால் கப் காட்டும் அளவும் தண்ணீர் காட்டும் அளவும் ஒன்றாகவே வரும்.

பிளம்ஸைப் பாருங்கள். 200 மில்லி தண்ணீர் உள்ள ஜக்கில் 150 கிராம் பிளம்ஸைப் போட்டால் பழங்கள் அடியில் போய் நிற்கும், தண்ணீர் ஏறக்குறைய 310 மில்லிக்கு உயரும். பழத்தின் உடம்பு மட்டும் எடுத்துக்கொண்ட இடம் அந்த 110 மில்லி. அதே 150 கிராமைக் கப்பில் சொரிந்தால் 250 மில்லிக் கப் நிரம்பிவிடும். மிச்ச இடமெல்லாம் காற்று. குறிப்பு எழுதியவர் 'ஒரு கப்' என்றது காற்றோடு சேர்ந்த கப்பை. தண்ணீர் உயர்வை வைத்து 'ஒரு கப்' எடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பழம் போய்விடும். அப்படிப் போட்ட கேக்கில் பழத்தைப் பிடித்துவைக்க மாவுக் கலவை காணாது. வெட்டும்போது துண்டு துண்டாக உதிரும், நடுப்பகுதி வேகவும் பிந்தும். அளப்பதற்காக நனைத்த பழத்தைத் திரும்ப உலர்த்தும் வேலையும் மிச்சமாகிவிடும்.

ஈரப்பதத்தைப் பற்றி: மட்டக்களப்பில் நத்தார்ச் சாமான் வாங்கும் காலமும் மாரி மழையும் ஒன்றாக வருவதால் இது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ பிளம்ஸில் நூற்றுக்கு 15 பங்கு ஈரம் என்றால் திண்மம் 850 கிராம். அது காற்றிலிருந்து ஈரம் இழுத்து நூற்றுக்கு 18 பங்குக்கு வந்தால், அதே 850 கிராம் திண்மம் கொண்ட பழம் 1037 கிராம் நிற்கும். கிலோவுக்கு 37 கிராம்தான் வித்தியாசம். உங்கள் 454 கிராமில் அது 17 கிராம், ஒரு பிடிக்கும் குறைவு. நிறுத்துப் போடுகிறவருக்கு இது பொருட்டே அல்ல.

கப்பால் அளக்கிறவருக்குத்தான் தொல்லை. பிசுபிசுத்த பழம் கட்டி கட்டியாகச் சேரும். கட்டிகளை அப்படியே சொரிந்தால் கப்புக்குள் பெரிய பொந்துகள் விழுந்து பழம் குறையும். கட்டியை அமத்தினால் பொந்து மூடிப் பழம் கூடும். இரண்டுமே பிழை. விரலால் ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டுச் சொரிய வேண்டும். திறந்த பக்கெட்டைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டு வையுங்கள். நாள்பட வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியில். எடுத்தவுடன் போத்தலைத் திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் பழத்தில் நீர் படியாது.

அடுத்தது 'ஊறவைத்த'. இந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. 'பிளம்ஸ் 1 கப், ஊறவைத்தது' என்றால் உலர்ந்த பழம் ஒரு கப் அளந்து, பிறகு ஊறவைக்கிறது. 'ஊறவைத்த பிளம்ஸ் 1 கப்' என்றால் ஊறி வடித்த பழத்தை அளக்கிறது. ஊறிய பழம் பருத்திருக்கும். ஆகவே அந்த ஒரு கப்புக்குள் உலர்ந்த பழம் குறைவாகவே இருக்கும். 'வெட்டிய' என்ற சொல்லுக்கும் இதே விதி. மொழிபெயர்த்து எழுதுகிறவர்கள் சொல்லை இடம் மாற்றிவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் உலர்ந்த பழத்தை அளப்பதே நல்லது.

ஊறவைக்கும்போது நிறையை ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஊற முன்னர் நிறுங்கள். ஊறி, அரிதட்டில் பத்து நிமிடம் வடித்து, துணியில் ஒற்றியெடுத்த பின்னர் திரும்ப நிறுங்கள். கூடிய நிறை பழம் குடித்த நீர். அந்த நீர் கேக்குக்குள்தான் போகிறது. குறிப்பில் பாலோ பழச்சாறோ தனியாகச் சேர்க்கச் சொல்லியிருந்தால் அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் பட்டர் கேக்கில் பழம் அடியில் போய்ப் படிவதோடு, ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் வேகாத பசை போல ஒரு வளையம் நிற்கும். பழம் அமிழ்வதற்குக் காரணம் நிறை மட்டும் அல்ல. மேலே நிற்கும் ஈரம் அதைச் சுற்றியுள்ள கலவையை இளக்கிவிடுகிறது.

தாண்டவன்வெளி_பழையகொப்பி

ரெண்டு விசயத்தை யாரும் தொடேல்ல, ரெண்டிலயும் நிறையப் பேர் விழுறாங்க.

முதலாவது அவுன்ஸ். இதில நிறை அவுன்ஸ் எண்டு ஒண்டு, திரவ அவுன்ஸ் எண்டு ஒண்டு. அமெரிக்கக் கப் 8 திரவ அவுன்ஸ். இதைத் தெரிஞ்சவங்க 8 அவுன்ஸ் பிளம்ஸ் எண்டா ஒரு கப் எண்டு போட்டுடுவாங்க. பிழை. நிறையில 8 அவுன்ஸ் 227 கிராம், அது ஒண்டரைக் கப்புக்கு மேல. மூண்டில ஒரு பங்கு பழம் காணாமப் போகும். கொப்பியில பழத்துக்கு எழுதின அவுன்ஸ் எல்லாம் நிறை. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், 28 எண்டு வெச்சாப் போதும். பிராண்டி, தேன், எசென்ஸ் பக்கத்தில அவுன்ஸ் இருந்தா மட்டும் அது திரவ அவுன்ஸ், மருந்து அளக்கிற கிளாஸால அளக்கலாம்.

பட்டர் பக்கெட்டில 227 கிராம் எண்டு ஒரு விசித்திரமான எண் ஏன் போட்டிருக்கு எண்டா அது அரை இறாத்தல். இப்ப 200 கிராம் பக்கெட்டும் வருது. பாக்காம ஒரு பக்கெட் எண்டு போட்டா 27 கிராம் குறையும், ரிச் கேக்கில அது தெரியும்.

ரெண்டாவது, பேர். நாம பிளம்ஸ் எண்டு சொல்றது காய்ஞ்ச முந்திரிகை. வெளிநாட்டுக் குறிப்பில 'ரெய்சின்ஸ்' எண்டு வாறதுதான் அது. அங்க 'காய்ஞ்ச பிளம்' எண்டு எழுதினா அது புரூன், வேற பழம், பெரிசு. கொட்டை எடுத்த புரூன் அமெரிக்கக் கப்புக்கு 174 கிராம் வரும். 'கரன்ட்ஸ்' எண்டு வந்தா அது சின்னஞ்சிறு கறுப்பு முந்திரிகை வத்தல், கப்புக்கு 144. அது கிடைக்காட்டி நம்மட பிளம்ஸை ரெண்டா வெட்டிப் போடலாம், ஆனா வெட்ட முந்தி நிறுங்க. அப்ரிகொட் பாதிகள் கப்புக்கு 130தான், அதின்ட வடிவம் கிண்ணம் மாதிரி இருக்கிறதால இடையில காத்துக் கூட.

பாகில கிடக்கிற சாமானுக்குக் கப் பாவிக்கவே வேணாம். செரி, இஞ்சிப் பாகு, சௌசௌ (பாகில ஊறின பழத்துண்டு) எல்லாம் போத்தல்ல போட்டிருக்கிற நிறை பாகையும் சேர்த்தது. சில லேபிள்ல வடித்த நிறை எண்டு தனியா இருக்கும், அதைப் பாருங்க. இல்லாட்டி அரிதட்டில வடிச்சு, பிறகு நிறுங்க. பாகு ஒட்டின துண்டு கப்பில ஒண்டோட ஒண்டு வழுக்கிக்கொண்டு நெருங்கும், அதனால ஒரே கப்புக்கு நிறை கூட வரும். வடிச்ச செரி அமெரிக்கக் கப்புக்கு 200 கிராம் பிடிக்கும், பிளம்ஸை விட எவ்வளவு கூட எண்டு பாருங்க. வடிச்ச பாகை எறிய வேணாம், கேக் மேல பூசலாம்.

கல்முனை_போறணை

எல்லாம் வந்திட்டுது, இப்ப தங்கச்சிட கொப்பியை மாத்திப் போடுறன். கப் எண்டது 250 மில்லி, சொரிஞ்சு கத்தி முதுகால வழிச்சது.

பிளம்ஸ் 1 இறாத்தல்: 454 கிராம், 3 கப்.
சுல்தானா ½ இறாத்தல்: 227 கிராம், 1½ கப்.
ஈச்சம்பழம் ½ இறாத்தல்: கொட்டை எடுத்து வெட்டினது 227 கிராம், 1½ கப்.
செரி 4 அவுன்ஸ்: வடிச்சது 113 கிராம், ½ கப்பும் ரெண்டு தேக்கரண்டியும்.
இஞ்சிப் பாகு 4 அவுன்ஸ்: வடிச்சுச் சின்னதா வெட்டினது 113 கிராம், ½ கப்பும் ஒரு மேசைக்கரண்டியும்.
புகுல் தோசி ½ இறாத்தல்: 227 கிராம். இதுக்குக் கப் சொல்ல மாட்டன். ஒரு கடையில சீனி படிஞ்சு காய்ஞ்சிருக்கும், இன்னொண்டில பாகோட ஈரமா இருக்கும். நிறை போட்ட பக்கெட்டா வாங்குங்க.
கஜு ½ இறாத்தல்: உடைச்சது 227 கிராம், 2 கப்புக்குக் கொஞ்சம் குறைய. முழுக் கஜுவை அளக்க வேணாம்.
ரவை ½ இறாத்தல்: 227 கிராம், 1⅓ கப்.
சீனி ½ இறாத்தல்: 227 கிராம், 1 கப்பும் ஒரு மேசைக்கரண்டி நிறையவும்.
பட்டர் 227 கிராம்: பக்கெட்டோட போடுங்க.

பழம் எல்லாம் கூட்டினா 3 இறாத்தல், 1361 கிராம். ரவை, பட்டர், சீனி, கஜு நாலும் சேந்து 908. மஞ்சள் கரு 12ம் 200 கிராமுக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் ரெண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், அதில பாதிக்கு மேல பழம். இதனாலதான் ரிச் கேக்கில பழத்தின்ட நிறையைக் கவனிக்கச் சொல்றம். பட்டர் கேக்கில அரைக் கப் பிளம்ஸ் தூவுறதில பத்துக் கிராம் கூடிக் குறைஞ்சா ஒண்டும் ஆகாது. இதில ஒவ்வொரு கப்பையும் அமத்தி அளந்தா மொத்தத்தில 150 கிராமுக்கு மேல பழம் கூடும், ரவையும் முட்டையும் அவ்வளவையும் பிடிச்சு வெச்சுக்கொள்ளாது.

ஒண்டை மட்டும் செய்ய வேணாம். ரெண்டு குறிப்பையும் கலக்காதீங்க. அமெரிக்கக் குறிப்பை உங்கட 250 மில்லிக் கப்பால முழுக்க அளந்தா எல்லாமே நூற்றுக்கு அஞ்சு அளவு கூடும். சேர்மானம் மாறாது, கேக் கொஞ்சம் பெரிசா வரும், அவ்வளவுதான். ஆனா பழத்தையும் ரவையையும் 250 கப்பால அளந்துபோட்டு, பட்டரை மட்டும் பக்கெட் நிறையிலயும் முட்டையை எண்ணிக்கையிலயும் போட்டா, காய்ஞ்ச சாமான் கூடி, ஈரமும் கொழுப்பும் அதே அளவில நிக்கும். கேக் இறுகி வறண்டு வரும். பிறகு அடுப்பைத்தான் குறை சொல்லுவம்.

தராசு வாங்கிறதெண்டா 1 கிராம் படிக்கு நிறுக்கிற டிஜிட்டல் ஒண்டு வாங்குங்க. முள் ஆடுற ஸ்பிரிங் தராசில 113 கிராம் செரியை நம்பி நிறுக்க ஏலாது. வாங்கின அண்டைக்கே பாத்திரத்தை வெச்சு, பூச்சியத்துக்கு மாத்தி, உங்கட 250 மில்லிக் கப் தண்ணியை ஊத்துங்க. 250 கிராமுக்கு ரெண்டு மூண்டு கூடக் குறையக் காட்டினாச் சரி. மேசை சாய்வா இருந்தாலும் பற்றரி இறங்கினாலும் எண் ஓடிக்கொண்டே நிக்கும். அப்ப நிறுக்க வேணாம்.

கல்லடி_மகள்

அண்ணா, இதை அப்பிடியே கொப்பியில பக்கத்துப் பக்கத்தில எழுதிட்டன். 250 கிராம் பிளம்ஸ் பக்கெட் ஒண்டை வெட்டி அளந்தன். கட்டியை உதிர்க்காமச் சொரிஞ்சா 2 கப் வந்திட்டுது. உதிர்த்துச் சொரிஞ்சா 1 கப்பும், அரைக் கப்பும், இன்னும் ரெண்டு மேசைக்கரண்டியும். கடைசியா ஒண்டு: இந்தக் குறிப்பைப் பாதியாக்கினா மேசைக்கரண்டிக் கணக்குச் சரிவருமா?

கல்முனை_போறணை

பழத்துக்குச் சரிவரும். பிளம்ஸ் ஒரு மேசைக்கரண்டி, 15 மில்லி, 9 கிராம். ஆனா அவுஸ்திரேலியாவில இருந்து வந்த கரண்டி செட் எண்டா மேசைக்கரண்டி 20 மில்லி, பின்னால பாருங்க. உங்கட ரெண்டாவது அளவு 1⅝ கப், 150ஆல பெருக்கினா 244. பக்கெட்டோட ஒத்துப்போகுது, அதையே பிடிச்சுக்கொள்ளுங்க.

மஞ்சள் கரு 6 ஆக்கலாம், பட்டர் 114 கிராம், பக்கெட் தாளில கோடு இருந்தா அதில வெட்டலாம். பிளம்ஸ் 1½ கப், சுல்தானா முக்கால், ஈச்சம்பழம் முக்கால். ரவை ⅔ கப். செரியையும் இஞ்சியையும் ஒண்டாச் சேத்து அரைக் கப்பும் ரெண்டு தேக்கரண்டியும். புகுல் தோசி 114 கிராம், 100 கிராம் பக்கெட் ஒண்டோட நிப்பாட்டினாலும் பிழையில்ல.